ஹெப்பரைற்றிஸ் சி: இரத்தப் பரிசோதனைக் கடிதத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

ஆலயத்தில் வெள்ளிக்கிழமைகளில் வரிப் படிவம், உதவிப் பணப் படிவம் என்பவற்றை நிரப்பிக் கொடுக்கும் எம்மிடம் இடைக்கிடை வைத்தியசாலைக் கடிதங்களும் வந்து சேர்கின்றன. அவற்றுள் அதிக பயத்தைக் கிளப்புவது ஹெப்பரைற்றிஸ் சி பற்றிய கடிதமாகும். நாம் வைத்தியர்கள் அல்லர். எனினும், இக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு ஒரு குடும்பம் கலியாணப் பேச்சை நிறுத்தியதையும், இன்னொரு வீட்டில் வயதான தாயாருக்குத் தனிக் கோப்பையும் தனித் தட்டும் வைக்கப்பட்டதையும் கண்ட பின்னர் இதனை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். ஊரில் செங்கண்மாரி என்றவுடன் நாம் நினைப்பது பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெப்பரைற்றிஸ் ஏ என்பதனையே. அது சில வாரங்களில் மாறிவிடும். சி வகை வேறு ஒரு வைரசு. அது இரத்தத்தினால் பரவுவது. பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. இருபது, முப்பது ஆண்டுகள் எவ்வித வருத்தமும் காட்டாது ஈரலில் தங்கியிருக்கக் கூடியது. இவ் வைரசு 1989ஆம் ஆண்டிலேயே இனங்காணப்பட்டது. அதற்காக மூவருக்கு 2020இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிரித்தானியாவில் தானமாகப் பெறப்படும் இரத்தம் எல்லாவற்றையும் இதற்காகச் சோதிக்கத் தொடங்கியது 1991 செப்ரெம்பரில்தான். அதற்கு முன்னர் இரத்தம் ஏற்றப்பட்டுப் பாதிக்கப்பட்டோரின் துயரத்தை 2024 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கை விரிவாகக் கூறியுள்ளது.

இரண்டு சோதனைகள்

கடிதத்தில் பெரும்பாலும் இரு சோதனைகள் குறிப்பிடப்பட்டிருக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே எல்லாக் குழப்பத்திற்கும் காரணம்.

முதலாவது பிறபொருளெதிரிச் சோதனை. வைரசு உடலினுள் புகுந்தால் அதனை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருள் இரத்தத்தில் உள்ளதா என்று இது பார்க்கிறது. இது பொசிற்றிவ் என வந்தால், எப்போதோ ஒரு காலத்தில் அவ் வைரசு உள்ளே வந்திருக்கிறது என்பதே பொருள். இன்றும் இருக்கிறது என்பதல்ல. வைரசு தொற்றியோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஆறு மாதத்துள் மருந்தின்றியே அதனை வென்று விடுகின்றனர். அவர்களுக்கும் இச் சோதனை பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் பொசிற்றிவ் என்றே காட்டும். கணக்காளர் மொழியிற் கூறினால், இது பழைய பேரேடு. முன்னர் ஒரு கடன் இருந்ததைக் காட்டும். அது தீர்க்கப்பட்டதா என்பதைக் காட்டாது.

இன்றைய நிலுவையைக் காட்டுவது இரண்டாவது சோதனையான ஆர்.என்.ஏ. அல்லது பி.சி.ஆர். சோதனை. அது வைரசையே நேரடியாகத் தேடுகிறது. ‘கண்டறியப்பட்டது’ என்றால் நோய்த் தொற்று இப்போது உள்ளது. ‘கண்டறியப்படவில்லை’ என்றால் இப்போது இல்லை. அவரிடமிருந்து எவருக்கும் தொற்றாது. மேலே கூறிய கலியாணப் பேச்சில் அந்தப் பிள்ளையின் இரண்டாவது பெறுபேறு அடுத்த பக்கத்திலேயே இருந்தது. கண்டறியப்படவில்லை என்றே அச்சிட்டிருந்தது. அப்பக்கத்தை எவரும் புரட்டவில்லை.

வேறொன்றும் உண்டு. இந்நோய் குறைவாக உள்ள மக்களிடையே முதற் சோதனை தவறாகப் பொசிற்றிவ் காட்டுவதன் பங்கு கூடிவிடும். இலங்கையில் இந்நோய் குறைவு என்பதால் எம்மவர் இதனை அறிந்திருத்தல் நல்லது. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 1000 பேரில் 5 பேருக்கு உண்மையாகவே தொற்று ஏற்பட்டிருந்தது. சோதனை வேறு 5 பேரைத் தவறாகக் குறித்துவிட்டது என்று கொள்வோம். சோதனை 200 தடவைக்கு ஒரு தடவைதான் பிழைத்திருக்கிறது. ஆனாலும் பொசிற்றிவ் என்று கடிதம் பெற்ற 10 பேரில் பாதிப் பேருக்கு எதுவுமே இல்லை. ஆகவே இரண்டாவது சோதனை வரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நெகற்றிவ் என்ற பெறுபேற்றையும் கவனமாக வாசிக்க வேண்டும். பிறபொருளெதிரி உண்டாவதற்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம். சென்ற மாதம் ஊசி குத்துப்பட்டவருக்கு இன்றைய நெகற்றிவ் போதாது. ஆர்.என்.ஏ. சோதனை ஓரிரு வாரங்களிலேயே காட்டிவிடும். அதேபோல, ஏ.எல்.ரி. எனப்படும் ஈரற் சோதனை சாதாரண அளவில் இருப்பதாலேயே தொற்று இல்லை என்று கொள்ள முடியாது.

வைரசின் அளவு பத்து இலட்சம், இருபது இலட்சம் என்று எழுதியிருப்பதைக் கண்டு சிலர் கலங்குகின்றனர். இவ்வெண் பெரிதாயிருப்பதால் ஈரல் கூடுதலாகக் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ஈரலின் நிலையை அறிய வேறு சோதனைகள் உள்ளன.

எப்படித் தொற்றும்?

இரத்தம் இரத்தத்துடன் சேர வேண்டும். ஒன்றாக உண்பதாலோ, ஒரே கோப்பையிற் குடிப்பதாலோ, கட்டியணைப்பதாலோ, முத்தமிடுவதாலோ, இருமலாலோ இது தொற்றாது. தொற்று உள்ளவர் மடைப்பள்ளியிற் சமைக்கலாம், அன்னதானம் பரிமாறலாம். அந்தத் தாயாரின் தனிக் கோப்பையினால் எவருக்கும் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. ஆனால் சவர அலகு, பற்தூரிகை, நகம் வெட்டி, நீரிழிவுக்காரர் விரலிற் குத்தும் ஊசி ஆகியவற்றைப் பகிரக் கூடாது. கணவன் மனைவியிடையே தொற்றுவது மிக அரிது. கர்ப்பிணித் தாயிடமிருந்து குழந்தைக்கு நூற்றுக்கு ஐந்து அளவில் தொற்றலாம். தாய்ப்பால் கொடுக்கலாம், முலைக்காம்பு வெடித்து இரத்தம் கசியும்போது மட்டும் நிறுத்த வேண்டும். தாயின் பிறபொருளெதிரி குழந்தையின் இரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை இருக்கக்கூடும் என்பதால், அதற்கு முன் எடுக்கும் முதலாவது சோதனையை வைத்துக் குழந்தைக்கு நோய் என்று எண்ணக் கூடாது.

இனி எமது ஆலயம் சார்ந்த விடயம். செடில் காவடிக்கும் அலகு குத்துவதற்கும் பயன்படும் ஊசிகளும் கொக்கிகளும் ஒருவரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டு இன்னொருவருக்குக் குத்தப்பட்டால் அது நேரடியாகவே ஆபத்தானது. உலர்ந்த இரத்தத்திலும் இவ் வைரசு பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. திருநீறு பூசுவதும் தேசிக்காயிற் குத்தி எடுப்பதும் எமது மரபு. அம்மரபில் நாம் குறை காணவில்லை, ஆனால் அவை வைரசை அழிக்கமாட்டா. வைத்தியசாலை முறையில் நீராவியாற் கிருமி நீக்கப்பட்ட கொக்கிகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். குத்துபவர் ஆளுக்காள் கையுறை மாற்ற வேண்டும். காது குத்துவதற்கும் மொட்டையடிப்பதற்கும் இதே விதிதான்: புதிய ஊசி, புதிய அலகு.

இரத்தம் முறையாகச் சோதிக்கப்படாத காலத்தில் அல்லது இடத்தில் இரத்தம் ஏற்றப்பட்டோரும், போர்க்காலத்தில் காயமடைந்து அவசர சிகிச்சை பெற்றோரும், ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பாவித்த இடங்களில் ஊசி போட்டுக் கொண்டோரும் தமது குடும்ப வைத்தியரிடம் சொல்லி ஒரு முறை சோதித்துக் கொள்ளலாம். இங்கிலாந்தில் இந்நோய்க்கான சோதனையும் சிகிச்சையும், விசா நிலை எதுவாயினும், கட்டணமற்றவை. மொழி சிரமமெனில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை இதற்குக் கூட்டிச் செல்வது அப் பிள்ளைக்கும் நல்லதல்ல, உங்கள் இரகசியத்திற்கும் நல்லதல்ல.

சிகிச்சை

தொண்ணூறுகளில் இதற்குக் கொடுக்கப்பட்ட இன்ரபெரோன் ஊசி மாதக்கணக்கில் காய்ச்சலையும் மனச்சோர்வையும் தந்தது. பாதிப் பேருக்கும் குணமாகவில்லை. அக்கதைகளைக் கேட்டுப் பயந்தே சிலர் வைத்தியரிடம் போவதில்லை. அந்நிலை மாறிவிட்டது. இன்று எட்டு அல்லது பன்னிரண்டு வாரம் குளிசைகள் மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். தொடங்குமுன் ஹெப்பரைற்றிஸ் பி உள்ளதா என்றும் சோதிப்பார்கள். இருந்தால் இக் குளிசைகளால் அது மீண்டும் கிளம்பக் கூடும். கீழ்க்காய்நெல்லி முதலான நாட்டு மருந்துகள் எடுப்பவர்கள் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் கூற வேண்டும். ஈரல் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கியவர்கள் வைரசு நீங்கிய பின்னரும் புற்றுநோய்க்கான தொடர் பரிசோதனைகளுக்குப் போக வேண்டும். தடுப்பூசி இதற்கு இல்லை. குணமடைந்தவருக்கு மறுபடியும் தொற்றலாம்.

குளிசை முடிந்து பன்னிரண்டு வாரத்தின் பின் எடுக்கும் ஆர்.என்.ஏ. சோதனையில் வைரசு கண்டறியப்படாவிடின் குணமடைந்ததாகக் கொள்ளப்படும். அக் கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னர் கனடாவிலோ வேறெங்கோ எவராவது முதலாவது சோதனையை மட்டும் செய்தால், அது அப்போதும் பொசிற்றிவ் என்றே வரும்.