ஆய்வேட்டு விதிகளும் லேட்டெக் அச்சுக்கோப்பு முறையும்

நூலுக்குப் பொருள் உயிரெனின் வடிவம் உடலாம். நூல் யாப்போர் களையவேண்டிய குற்றங்களையும் கொள்ளவேண்டிய அழகுகளையும் நன்னூலார் பாயிரத்திலேயே வகுத்துரைத்தமையை நாம் அறிவோம். இக்காலப் பல்கலைக்கழகங்களும் ஆய்வேடுகட்கு ஓரவெளி, எழுத்தளவு, வரியிடைவெளி, பக்கவெண் என்பன குறித்து விதிகள் வகுத்துள்ளன. அவற்றின் வழுவிய ஏடு, பொருளால் எத்துணைச் சிறந்ததாயினும், திருப்பி அனுப்பப்படுதல் கூடும். ஆதலின் அவ்விதிகட்கு இணங்க ஏட்டை அமைக்கும் நெறியை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், தம் நூலின் அச்சுப்படி மனநிறைவு அளியாமையால், 1977-ஆம் ஆண்டில் டெக் என்னும் அச்சுக்கோப்பு முறையை ஆக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் என்பார் 1980-களில் எழுப்பியதே லேட்டெக். பொருளை எழுதுதல் ஆசிரியர் கடன். வடிவத்தைக் காத்தல் வகுப்புக் கோப்பின் கடன் என்பதே இதன் அடிப்படை. விதிகளை ஏட்டின் தலைப்பில் ஒருமுறை எழுதிவிடின், இயல்தோறும் அவற்றை நினைந்து இடர்ப்பட வேண்டுவதில்லை.

இனி ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஏ4 தாள், கட்டடத்திற்காக இடப்புறம் 38 மில்லிமீட்டர், ஏனைய மூன்று புறமும் 25 மில்லிமீட்டர், 12 புள்ளி எழுத்து, இரட்டை இடைவெளி என்பன விதிகள் எனக் கொள்வோம்.

முதலாவது, ஓரவெளி. ஜியோமெட்ரி என்னும் துணைத்தொகுப்பிற்கு ஓரங்களை மட்டும் அறிவித்தல் போதும். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர் ஆதலின், எழுத்துப்பரப்பு 147க்கு 247 என அதுவே கணித்துக்கொள்ளும். தாளின் இருபுறமும் அச்சிடின், கட்டடப்புறம் பக்கந்தோறும் மாறுமாதலால், இடம் வலம் என்னாது உள் வெளி என்றே அளவு குறித்தல் வேண்டும்.

இரண்டாவது, வரியிடைவெளி. ஈண்டே மயக்கம் மிகுதி. 12 புள்ளி எழுத்திற்கு லேட்டெக் இயல்பாகத் தரும் வரித்தொலைவு 14.5 புள்ளி. அதனை இரட்டித்தால் 29 ஆம். எழுத்தளவை இரட்டித்தால் 24 ஆம். செட்ஸ்பேஸ் துணைத்தொகுப்பின் இரட்டை இடைவெளிக் கட்டளை பின்னதையே தரும். மேற்கூறிய பரப்பில் 24 புள்ளியாயின் 29 வரிகளும், 29 புள்ளியாயின் 24 வரிகளுமே அடங்கும். பக்க வரம்பு உள்ள ஏட்டிற்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆதலின் விதி எதனைக் கருதிற்றென அலுவலகத்தாரை முன்னரே வினவித் தெளிதல் நலம்.

மூன்றாவது, பக்கவெண். முன்னுரைப் பகுதிக்கு உரோமன் எண்ணும், முதல் இயல் தொட்டு 1, 2 என்னும் எண்ணும் நூல் வகுப்பில் அவ்வவற்றிற்குரிய கட்டளைகளை இடின் அமையும். முகப்பேடு எண்ணப்படினும் அதில் எண் அச்சாகலாகாது என்பது பல விடத்தும் விதி. ஒருபுற அச்சில், லேட்டெக்கின் முகப்பேட்டுச் சூழல் தனக்கு அடுத்த பக்கத்தையும் மீண்டும் ஒன்றெனவே எண்ணும். அதனை இரண்டெனத் திருத்துதல் நம் பொறுப்பு.

தமிழில் ஆய்வேடு வரைவோர், 2004-இல் வெளிவந்த ஜீடெக்கைக் கைக்கொள்ளலாம். அது யூனிகோடு எழுத்துருக்களை நேரே ஏற்கும்.

நிற்க. திரையிற் செவ்விதாய்த் தோன்றும் ஏடும் தாளில் வழுவக்கூடும். தாளுக்குப் பொருத்துக என்னும் தெரிவு இருப்பின் அச்சுப்பொறி பக்கத்தைச் சுருக்கிவிடும். உண்மையளவில் அச்சிடுமாறு பணித்தல் வேண்டும். முதல் இயல் முடிந்தவுடனே ஒரு பக்கத்தை அச்சிட்டு அளவுகோல் வைத்து அளந்து பார்ப்போமாக. பல்லாண்டு உழைப்பு ஓரவெளியில் இடறி நில்லாதிருக்க அச்சிறு முயற்சி பெரிதும் உதவும்.