லோரி எஞ்சினுக்கு எந்தச் சாமான்?

கிள்ளான் துறைமுகத்துக்கும் பூச்சோங் கிடங்குகளுக்கும் இடையே கண்டெய்னர் இழுக்கிற டிரெய்லரில் எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிட்டால், போர்மன் முதலில் கேட்பது இதைத்தான்: "ஒரிஜினல் போடலாமா, ஓஇஎம்மா, காப்பியா? இல்லை, ஹாஃப் கட் எஞ்சினையே இறக்கிடலாமா?" ஒன்றிரண்டு லோரி வைத்து ஓட்டுகிற நம்மவர்களில் பலர் விலையை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும், டிரைவருக்கு டிரிப் கணக்கில்தான் சம்பளம். அந்த அவசரம் புரிகிறது. ஆனாலும் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சாமான் பாதி வழியில் போனால் தான் மட்டும் போகுமா, எஞ்சினையும் சேர்த்துக் கொண்டுபோகுமா?

ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், ராக்கர் கவர் கேஸ்கெட், எஞ்சின் மவுண்டிங் இவற்றில் தைவான், சீனச் சாமானைப் போட்டுக் காசை மிச்சப்படுத்துவதில் தவறில்லை. போனால் வண்டி நிற்கும், மாற்றிக்கொள்ளலாம். பேரிங், பிஸ்டன் ரிங், லைனர், ஆயில் பம்ப், ஹெட் கேஸ்கெட், இன்ஜெக்டர், டர்போ ஆகியவை அப்படியல்ல. டர்போவின் பிளேடு உடைந்து உள்ளே போனால் வால்வு, பிஸ்டன் வரை சேதம். கான்ராட் பேரிங் பிடித்துக்கொண்டால் கிரேங்க் போய்விடும். ராட் உடைந்தால் பிளாக்கே ஓட்டை. பேரிங்கில் மிச்சம் பிடித்த சில நூறு வெள்ளிக்குப் பல ஆயிரம் வெள்ளி பதில் சொல்லும்.

இந்த இரண்டாம் வகைக்கு ஒரிஜினல்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். லோரி கம்பெனிகள் எல்லாச் சாமானையும் தாங்களே செய்வதில்லை. ஜப்பான் எஞ்சின்களுக்கு டைஹோ, டைடோ பேரிங், என்பிஆர், டிபிஆர், ரிக்கென் ரிங், இசுமி பிஸ்டன், ஐஎச்ஐ டர்போ, டென்சோ இன்ஜெக்டர். ஐரோப்பிய வண்டிகளுக்கு மாலே பிஸ்டன், ஹோல்செட் டர்போ, எல்ரிங் கேஸ்கெட். செய்கிற நிறுவனமே தன் பெட்டியில் போட்டு விற்பது ஓஇஎம். தெரிந்த கடையில் இதை வாங்குவது நடுத்தர முதலாளிக்கு நல்ல வழி. பெட்டியை மட்டும் நம்பிவிடக் கூடாது. பெட்டிக்கும் போலி உண்டு. பேரிங்கை வெளியே எடுத்து முதுகுப்புறத்தைப் பாருங்கள். தயாரிப்பாளரின் முத்திரையும் அளவும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும், எண்ணெய்த் துளையின் ஓரம் பிசிறில்லாமல் இருக்க வேண்டும், எல்லாத் துண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எந்தத் தரத்தில் வாங்கினாலும் அளவு தவறினால் பயனில்லை. "ஹினோ ஜே08 லைனர் கிட் ஒரு செட்" என்று போனில் சொல்லி அனுப்புவது நம் பட்டறைகளில் சாதாரணம். ஜே08சி எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 114 மில்லிமீட்டர், ஜே08இ எஞ்சினுக்கோ 112. அதனால் லோரியின் பெயரைச் சொல்லாதீர்கள். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் படம் பிடித்து அனுப்புங்கள். பேரிங்கும் அப்படித்தான். கிரேங்கை முன்பே ஒருமுறை கிரைண்ட் செய்திருந்தால் ஸ்டாண்டர்ட் சேராது, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் தேவைப்படும். கிரேங்கைக் கழற்றி அளந்த பிறகுதான் பேரிங் ஆர்டர் போட வேண்டும்.

ஸ்கேனியா, வோல்வோ வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. இவற்றில் லைனரைச் சுற்றித் தண்ணீர் ஓடும். கூலன்ட் ஊற்றாமல் பைப் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் லைனரின் வெளிப்பக்கம் பொடிப்பொடியாக அரித்து, ஒருநாள் தண்ணீர் எண்ணெயில் கலந்துவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல லைனர் போட்டாலும் கூலன்டை மாற்றாதவரை அதே கதை. ஸ்கேனியா டிசி13 எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு தனி ஹெட். ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு என்றால் அதை மட்டும் திறந்து சரிசெய்ய இடமுண்டு. வோல்வோ டி13-இல் ஆறு சிலிண்டருக்கும் ஒரே ஹெட். கேஸ்கெட்டில் கை வைத்தால் முழு வேலை. அங்கே மலிவு கேஸ்கெட் போடுவது இரண்டு முறை கூலி கொடுப்பதற்குச் சமம்.

இன்ஜெக்டரில் காப்பி வேண்டவே வேண்டாம். 2019 பிப்ரவரியிலிருந்து இங்கே செம்பனை டீசல் கலந்த பி10 டீசல். செம்பனை டீசல் தண்ணீரை இழுக்கும், பழைய தொட்டியின் கசடைக் கிளப்பிவிடும். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றி, வாட்டர் செப்பரேட்டரை வடித்துவந்தாலே பாதிச் செலவு மிச்சம். காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டரின் மேல் அச்சிட்ட குறியீட்டை ஈசியூவில் ஏற்ற வேண்டும். அதற்குரிய ஸ்கேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியது. மானியம் இல்லாமல் டீசல் ஊற்றுகிறவருக்கு ஒழுகுகிற இன்ஜெக்டர் தினமும் காசைத் தின்னும். கறுப்புப் புகையோடு போனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புஸ்பாகோம் பரிசோதனையிலும் நிற்க வேண்டியதுதான்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சினான ஹாஃப் கட்டைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுவார்கள். பிளாக்கோ கிரேங்கோ போய்விட்ட பழைய ஜப்பான் லோரிக்கு அது நியாயமான தேர்வு. ஓவர்ஹாலைவிடச் சீக்கிரம் வண்டி சாலைக்கு வந்துவிடும். ஆனால் ஜப்பானில் ஓடிய புதிய மாடல்களின் வயரிங்கும் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் இங்கத்திய வண்டியோடு ஒத்துப்போகாமல் படுத்தும். வாங்குமுன் கையால் சுற்றிப் பாருங்கள், எண்ணெயை வடித்துப் பாருங்கள், ஃபில்டரை வெட்டி உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா பாருங்கள். ஓடவிட்டுக் காட்ட முடியாது என்கிற யார்டில் வாங்க வேண்டாம். எஞ்சின் எண் மாறுவதால் புஸ்பாகோம் பரிசோதனையும் ஜேபிஜே பதிவு மாற்றமும் தேவை. அதற்கான பத்திரங்களைக் காசு கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

ஏர் கம்ப்ரெஸரையும் எஞ்சின்தான் ஓட்டுகிறது. பிரேக்குக்குக் காற்று அங்கிருந்துதான் போகிறது. அதன் ரிங் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு கலந்து பிரேக் வால்வுகளைக் கெடுக்கும். காற்றுத் தொட்டியை வடிக்கும்போது எண்ணெய் வந்தால் அந்த வண்டியில் அடுத்த டிரிப் ஏற்றாதீர்கள். கம்ப்ரெஸரில் மட்டும் விலை பார்க்கக் கூடாது, அது மற்றவர் உயிர் சம்பந்தப்பட்டது.

எதை வாங்கினாலும் ரசீதில் பிராண்டும் பார்ட் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். "எஞ்சின் சாமான் ஒரு செட்" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்க முடியாது.