விடுப்புக் கணக்கும் இ.எஸ்.ஐ. பணமும்: புதிதாக வந்தவர்களுக்கு

ஆலை, பட்டறை, பனியன் கம்பெனி அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே! ஒரு தொழிலாளி படுத்துவிட்டால் அவருக்குக் கம்பெனி விடுப்பு உண்டு, இ.எஸ்.ஐ. பணம் உண்டு. இரண்டும் இருந்தும் மாதக் கடைசியில் வெறுங்கையோடு நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது மஸ்டர் (வருகைப் பதிவேடு) எழுதியவர் கையில் நடந்த பிசகு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. வராத ஒவ்வொரு நாளும் எந்தக் கணக்கில் சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த நாளுக்கு இ.எஸ்.ஐ. நோய்க்காலப் பணமோ விபத்துப் பணமோ வராது. நோய்க்காலம், விபத்து, பேறுகாலம் ஆகிய மூன்றில் இரண்டை ஒரே நாளுக்கு வாங்கவும் முடியாது. இரண்டுக்குத் தகுதி இருந்தால் எதை எடுப்பது என்று தொழிலாளிதான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் நீங்கள் தீர்மானிக்காதீர்கள்.

2. உதவி செய்வதாக நினைத்து ஈட்டிய விடுப்பைக் கழித்துவிடாதீர்கள். பலர் நல்ல மனத்தோடுதான் இதைச் செய்கிறார்கள். ஆள் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தால் பத்து நாளையும் விடுப்பில் போட்டு முழுச் சம்பளம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மாதம் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் தொழிற்சாலையில் இருபது நாள் உழைத்தால் ஒரு நாள் என்று சேர்ந்த விடுப்பு அது. மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்தது கரைந்துபோகும். இ.எஸ்.ஐ.யில் ஆண்டுக்கு 91 நாள்வரை, சராசரிக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், அதற்குப் பணம் இல்லை. கம்பெனி விடுப்பை அந்த இரண்டு நாளுக்குக் கொடுங்கள். மிச்சத்தை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும். இடையில் ஆகஸ்ட் 15 வந்து, அந்த நாளுக்கு நீங்கள் விடுமுறைச் சம்பளம் கொடுத்தால், அந்த ஒரு நாள் மட்டும் இ.எஸ்.ஐ. கணக்கிலிருந்து விலகும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் குறைந்த பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

3. காயத்தைக் காய்ச்சல் என்று எழுதவே எழுதாதீர்கள். ஆய்வாளர் வருவார், விபத்து எண்ணிக்கை கூடும் என்று பயந்து மேற்பார்வையாளர் அப்படி எழுதச் சொல்லலாம். இந்த இடத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். நாள் கூலி 600 ரூபாய் என்றால் நோய்க்காலத்தில் கிடைப்பது 420. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு 90 விழுக்காடு, அதாவது 540. அதுவும் 91 நாளோடு நிற்காது, உடல் தேறும்வரை வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நாளைக்கு விரல் மடங்காமல் போனால் வாழ்நாள் முழுக்க மாதப் பணம் கிடைக்க ஆதாரமாக இருப்பது அன்று விபத்துப் பதிவேட்டில் எழுதிய வரிதான். 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை அனுப்புங்கள். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், 2010 திருத்தத்துக்குப் பின் கணக்கில் வரும். மூன்று நாளுக்குள் தேறிவிடும் சின்னக் காயத்துக்கு மட்டும் இந்தப் பணம் கிடையாது. அங்கே கம்பெனி கை கொடுக்க வேண்டும்.

4. காலண்டரில் இரண்டு கோடு போட்டு வையுங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரை பலன் தரும். அக்டோபர் முதல் மார்ச்வரை கட்டியது ஜூலை முதல் டிசம்பர்வரைக்கு. சந்தா கட்டும் அந்த ஆறு மாதத்தில் (இதுதான் பங்களிப்புக் காலம்) 78 நாள் சந்தா இருந்தால்தான் நோய்க்காலப் பணம். வேலை நாளை நீங்கள் குறைத்துக் காட்டினால், ஐந்து மாதம் கழித்து ஒருவர் நோயில் விழும்போது அந்தத் தவறு தெரியவரும். புதிதாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் நோய்க்காலப் பணம் வராது. அவர்களுக்குத்தான் மருத்துவ விடுப்பைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

5. பேறுகாலத்துக்கு 26 வாரம், முழுக் கூலி. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் சந்தா போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் இருந்து இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவருக்குக் கம்பெனியே கொடுக்க வேண்டும். சம்பள உயர்வால் நடுவில் அந்த வரம்பைத் தாண்டினாலும், அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை சந்தாவை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கர்ப்பிணி ஒருத்தி இரண்டு பக்கமும் அலைய நேரும்.

6. நோய்க்காலப் பணத்துக்கான 91 நாள் முடிந்ததும் மஸ்டரிலிருந்து பெயரை அடிக்கச் சொல்வார்கள். அடிக்காதீர்கள். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு, தகுதியுள்ளவர்களுக்கு 80 விழுக்காடு கூலி இரண்டு ஆண்டுவரை கிடைக்கும் என்று எடுத்துச் சொல்லுங்கள். இந்தப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது.

7. விரலோ கையோ இழந்தவர் திரும்பி வந்தால், நிரந்தர ஊனத்துக்கான மாதப் பணம் அவருக்குத் தொடர்ந்து வரும். சம்பளமும் வாங்கலாம், அதையும் வாங்கலாம். "அங்கேதான் வருகிறதே" என்று சம்பளத்தைக் குறைப்பது அநியாயம், சட்டத்துக்கும் புறம்பு. அவரால் செய்ய முடிந்த வேலை எது என்று அவரோடு உட்கார்ந்து பேசிக் கண்டுபிடியுங்கள்.

8. பணம் கேட்ட தொழிலாளி எந்த நாள் வேலைக்கு வரவில்லை, அந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்தீர்களா என்று கேட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலிருந்து படிவம் வரும். வந்த அன்றே மஸ்டரைப் பார்த்து நிரப்பி அனுப்பிவிடுங்கள். அது உங்கள் மேசையில் கிடக்கும்வரை அந்த வீட்டுக்குப் பணம் போகாது.