சென்னைக்குக் குடிபோகிறீர்களா? நண்பர்களிடம் இப்படிக் கேளுங்கள்

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்புகிறவருக்கு அங்கே நாலைந்து நண்பர்களாவது இருப்பார்கள். "வாடா, பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பிப் பொதுவாக விட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. நடந்தாலும் முழுச்சுமையும் ஒருவர் தலையில் விழும். ஆளுக்கு ஒரு வேலை என்று பிரித்துக் கேளுங்கள்.

1. ஏரியாவை முடிவு செய்யுங்கள்

"எங்க ஏரியாவுக்கே வந்துடு" என்று அம்பத்தூர் நண்பர் கூப்பிடுவார். உங்கள் அலுவலகம் சிறுசேரியில் இருந்தால் தினமும் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்வர வேண்டும். அதே தடத்தில் வேலைக்குப் போகும் நண்பரிடம் காலை எட்டரை மணிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேளுங்கள். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில் தடத்தையொட்டி வீடு கிடைத்தால் பயணச் செலவு வெகுவாகக் குறையும்.

2. வெள்ளத்தையும் தண்ணீரையும் விசாரியுங்கள்

இது அங்கேயே பல வருடம் குடியிருக்கும் நண்பரின் வேலை. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா? 2019 கோடையில் போர் வற்றியதா, லாரித் தண்ணீர் வாங்கினார்களா? வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தள வீடு என்றால் இதைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். புரோக்கர் சொல்லாததைத் தெருமுனை மளிகைக்கடைக்காரரும் இஸ்திரி போடுபவரும் சொல்லிவிடுவார்கள்.

3. வீடு பார்க்க ஒருவரை அனுப்புங்கள்

நேரம் உள்ள ஒரே நண்பரை அனுப்பி, வீடியோ காலில் நீங்களும் பாருங்கள். குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். போன் சிக்னல், வண்டி நிறுத்துமிடம், கேட் பூட்டும் நேரம் மூன்றையும் கேளுங்கள். தனி மின் மீட்டர் உண்டா என்பது முக்கியம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப்-மீட்டர் வைத்த சில உரிமையாளர்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வசூலிப்பார்கள். பேச்சுலர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு தெரிந்தால் மனக்கசப்பு நண்பருக்கும் சேர்த்துத்தான்.

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகிறவர்கள் குறைவு. அந்த மாதங்களில் வாடகை பேரம் பேச இடமுண்டு.

4. பணமும் கையெழுத்தும் உங்களுடையதே

டோக்கன் தொகையானாலும் அட்வான்ஸானாலும் உங்கள் கணக்கிலிருந்து நேராக உரிமையாளருக்குப் போகட்டும். நண்பர் பெயரில் ஒப்பந்தம் போடாதீர்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைச் சட்டம் அளவாக வைத்திருக்கிறது. அதற்குமேல் தர நீங்களே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அது உங்கள் பொறுப்பு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். புரோக்கர் கமிஷன் பெரும்பாலும் ஒரு மாத வாடகை.

5. நண்பர் அறையில் தங்கினால்

கிளம்பும் தேதியைச் சொல்லிவிட்டுத் தங்குங்கள். அவருடைய ரூம்மேட்களிடமும் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். கேன் தண்ணீர், சமையல், கரண்ட் பில் எல்லாவற்றிலும் உங்கள் பங்கை அவர்கள் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இடம் நெருக்கடி என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷனோ, அலுவலகம் பக்கம் ஒரு பி.ஜி.யோ பார்த்துக்கொள்வதே மரியாதை.

6. வந்து இறங்கும் நாள்

தென்மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் கிளாம்பாக்கத்திலேயே நின்றுவிடும். விடியற்காலையில் பெரம்பூர் நண்பரை அங்கே வரச் சொல்லாதீர்கள். மாநகரப் பேருந்து இருக்கிறது. பைக்கை ரயில் பார்சலில் போடலாம்: ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும், டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது. கட்டில், பீரோவை ஊரிலிருந்து தூக்கி வருவதைவிட, காலி செய்து போகிறவர்களிடம் வாங்கித் தரும்படி நண்பர்களிடம் சொல்லிவையுங்கள். குட்டி யானை பிடித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்றி இறக்கினால் நாலு பேர் கைகொடுப்பார்கள். அன்று மதியம் பிரியாணி உங்கள் செலவு.

7. கேஸும் முகவரியும்

ஊரில் கேஸ் இணைப்பு இருந்தால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாறுதல் ரசீது வாங்கி வாருங்கள். சென்னையில் இணைப்பு கிடைக்கும்வரை 5 கிலோ சிலிண்டர் போதும். அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் ஆதார், வங்கிக் கணக்கு முகவரிகளை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் தொகுதி மாறப் படிவம் 8.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை பாக்கி இருக்கும். நண்பர்கள் கையிலிருந்து போட்ட ஆட்டோக் காசு, டீக்காசு வரை கணக்கெழுதி முதல் சம்பளத்தில் தீர்த்துவிடுங்கள். பால் காய்ச்சும் அன்று அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். அடுத்து ஊரிலிருந்து ஒருவர் போன் செய்தால், "பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லாமல், உங்களால் எந்த வேலையைச் செய்ய முடியும் என்று சொல்லுங்கள்.