ஆதிக்கமா, ஹெஜிமனியா?

கேள்வி: ‘ஹெஜிமனி’ என்ற ஆங்கிலச் சொல்லை வாக்கியத்தில் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?
– வாசகர், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல்

பதில்: எண்ணிக்கையில் மிகுந்திருப்பதற்கு அந்தச் சொல்லைப் போடாதீர்கள். உங்கள் ஊர்ச் சுரங்கங்களில் தமிழ்த் தொழிலாளர்களே மிகுதியாக இருந்தார்கள். அதிகாரமோ 1880களிலிருந்து 1956 வரை ஜான் டெய்லர் கம்பெனியிடம். அப்படியானால் ‘தி கம்பெனி ஹெல்ட் ஹெஜிமனி ஓவர் தி வொர்க்கர்ஸ்’ என்று எழுதலாமா? இலக்கணம் சரி, ‘ஓவர்’ சேர்ப்பதும் முறைதான்; பொருள்தான் இடிக்கிறது. இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்ஷி விளக்கியபடி, ஆளப்படுகிறவர்கள் மனமொப்பி ஏற்கும் தலைமையே ஹெஜிமனி. ஆனால் நிர்வாகம் கொண்டுவந்த கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மனமொப்பியவர்கள் விரலை மடக்கிக்கொள்வார்களா? தினமும் சுரங்கத்தில் இறங்கியதே சம்மதம்தானே என்று சிலர் கேட்கலாம். கூலிக்காக இறங்குவது வேறு, தலைமையை ஏற்பது வேறு. அந்த வாக்கியத்தில் ‘டாமினன்ஸ்’ (ஆதிக்கம்) என்றே எழுதுங்கள்.