போக ஐம்பது நிமிடம், வர மூன்று மணி நேரமா?

சிங்கப்பூரிலிருந்து ஜகார்த்தாவுக்கு ஐம்பதே நிமிடத்தில் போய்விடலாம் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. ஆதாரம் டிக்கெட்டிலேயே இருக்கிறது: காலை 8.00 மணிக்குப் புறப்பாடு, 8.50க்கு வருகை. ஆனால் மாலை 6.00 மணிக்கு ஜகார்த்தாவில் கிளம்பினால், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது இரவு 8.50 என்கிறது திரும்பும் டிக்கெட்.

உடனே காற்றின் மேல் பழி விழும். திரும்பும்போது எதிர்க்காற்றாம். இன்னும் சிலர் பூமி சுழல்வதைக் காரணம் காட்டுவார்கள். பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது, விமானமும் அதற்குள்ளேதான் பறக்கிறது. ஆகவே அந்தக் கணக்கு எடுபடாது. நீண்ட தூர விமானங்களின் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் வேகமான மேல்காற்று வடக்கே, ஜப்பான் பக்கம் பலமாக வீசும். இந்தப் பாதையோ நிலநடுக்கோட்டைக் குறுக்கே கடப்பது. இங்கே காற்றால் சில நிமிடங்கள் முன்பின் ஆகலாம், இரண்டு மணி நேரம் ஆகாது.

இரண்டு விமான நிலையங்களுக்கும் நேர்கோட்டில் சுமார் 880 கிலோமீட்டர். பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கும். ஐம்பது நிமிடத்தில் போவதென்றால் ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். நடக்கிற காரியமா?

உண்மையில் போனாலும் வந்தாலும் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுகிறார்கள். ஜகார்த்தா கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். அதனால் போகும்போது ஒரு மணி நேரம் மறைகிறது, வரும்போது கூடுகிறது.

இங்கேதான் இன்னொரு நம்பிக்கையும் உடைகிறது. கடிகாரம் பின்னால் இருந்தால் ஊர் மேற்கே இருக்கும் என்பது நம் பள்ளிக்கூடப் பாடம். வரைபடத்தைப் பாருங்கள்: ஜகார்த்தா சிங்கப்பூருக்குத் தெற்கே, சற்றுக் கிழக்கே இருக்கிறது! சூரியனை வைத்துப் பார்த்தால் ஜகார்த்தாவின் நேரம்தான் சரி. முறை மீறியது சிங்கப்பூர். கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போக மலேசியத் தீபகற்பம் ஏற்கெனவே முன்னால் இருந்த தன் கடிகாரத்தை மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளியபோது சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. 1982 ஜனவரி 1 முதல் இன்றுவரை அதே நேரம்தான். சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது, உச்சிவெயில் ஒரு மணிக்கு. ஜகார்த்தாவில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும்.

ஜகார்த்தா நேரம்தான் இந்தோனேசியா முழுவதற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நாட்டில் மூன்று நேர மண்டலங்கள். பாலிக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரம், எனவே அந்த டிக்கெட்டில் தெரிவதே பயண நேரம்.

எந்த ஊருக்கானாலும் சுலபமான வழி ஒன்று உண்டு. டிக்கெட்டின்படி போக ஆகும் நேரத்தையும் திரும்பி வர ஆகும் நேரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ உண்மையான பயண நேரம் கிடைத்துவிடும். மேலே சொன்ன 50க்கும் 170க்கும் போட்டுப் பாருங்கள், 110 நிமிடம் வரும். ஜகார்த்தாவில் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு மட்டும் 8.50க்கு இறங்கும் விமானத்தை நம்பிப் போகாதீர்கள். விமான நிலையம் ஊருக்கு வெளியே, பாந்தன் மாகாணத்தில் இருக்கிறது.