பழைய கணினிக்கு ஆதரவு நின்றுபோனால்…
பயமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை என்று நாம் நோட்டில் எழுதி வந்த கணக்கில் பெரும்பகுதி இப்போது கணினிக்குப் போய்விட்டது. கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினி இருக்கும். சில வீடுகளில் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருக்கும். அந்தத் திரையில் ஒரு நாள் "உங்கள் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்துவிட்டது" என்று செய்தி வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்குக் கோபம், மற்றொருவருக்கு "அட போங்க" என்ற அலட்சியம். உலகம் முழுவதும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இதே உணர்வுகள்தான் வந்திருக்கின்றன. இந்தப் பாடத்தில் அந்த உணர்வுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், குழுப் பணத்தையும் குழுக் கணக்கையும் காப்பாற்றும்படி முடிவெடுக்கலாம்.

ஆதரவு என்றால் என்ன?

கணினியை நடத்துகிற அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் என்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இயங்குதளம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அதில் சில ஓட்டைகள் இருந்துவிடும். ஓட்டை தெரியவரும்போது அந்த நிறுவனம் அதை அடைத்து, இணையம் வழியாக நமக்கு அனுப்புகிறது. இதைத்தான் 'அப்டேட்' என்கிறோம். இந்த வேலையை நிறுவனம் தொடர்ந்து செய்வதற்குத்தான் ஆதரவு என்று பெயர்.

கூரை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூரை வேய்கிறவர் இனி வரமாட்டார் என்றால் வீடு அன்றைக்கே விழுந்துவிடாது. ஆனால் அடுத்த மழைக்கு எங்கே ஒழுகும் என்று சொல்ல முடியாது. ஆதரவு முடிந்த கணினியும் அப்படித்தான்.

எந்த விண்டோஸுக்கு எப்போது ஆதரவு முடிந்தது?

- விண்டோஸ் 98: 2006 ஜூலை 11
- விண்டோஸ் எக்ஸ்பி: 2014 ஏப்ரல் 8
- விண்டோஸ் 7: 2020 ஜனவரி 14
- விண்டோஸ் 8.1: 2023 ஜனவரி 10
- விண்டோஸ் 10: 2025 அக்டோபர் 14

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தது. அதை மாற்றாமல் இன்னும் வைத்திருந்தால், அதற்கு ஆதரவு நின்று 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

முதல் உணர்வு: பயம்

"கம்ப்யூட்டர் நின்னு போயிடுமா? கணக்கெல்லாம் அழிஞ்சிடுமா?" – இதுதான் முதலில் வரும் கேள்வி.

நிற்காது, அழியாது. ஆதரவு முடிந்த மறுநாளும் கணினி ஓடும். கோப்புகள் அப்படியே இருக்கும். அச்சும் எடுக்கலாம். நின்றது பாதுகாப்பு மட்டும்தான். ஆகவே பதறிப்போய் அன்றைக்கே கடைக்கு ஓடி, குழுப் பணத்தில் புதுக் கணினி வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கிற மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் பேசுங்கள்" என்று திரையில் செய்தி வரும். அல்லது, "கம்பெனியிலிருந்து பேசுறோம்" என்று போன் வரும். உண்மையான விண்டோஸ் எச்சரிக்கையில் போன் எண் இருக்காது. நாம் கேட்காமல் அந்த நிறுவனம் நமக்குப் போன் செய்வதும் இல்லை. அப்படிப் பேசுகிறவர்களுக்கு ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள், கணினியைத் தொலைவிலிருந்து இயக்கவும் விடாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

இரண்டாவது உணர்வு: கோபம்

"நல்லா ஓடுற மெஷினை எதுக்குத் தூக்கிப் போடணும்?" – இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

விண்டோஸ் 10 வந்தது 2015-ல். அந்த ஆண்டு அந்த நிறுவனத்தின் அலுவலர் ஒருவரே மேடையில், இதுதான் கடைசி விண்டோஸ் என்ற பொருளில் பேசினார். பலரும் நம்பினார்கள். ஆனால் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்றார்கள். கூடவே நிபந்தனையும் போட்டார்கள்: டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். ஆகவே 2018-க்கு முன் வாங்கிய பெரும்பாலான கணினிகள் நன்றாக ஓடினாலும் அந்தப் பட்டியலில் சேரவில்லை. காசு போட்டு வாங்கியவருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

கோபத்தை வெளியே சொன்னவர்கள் சில நேரம் பலனும் கண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 98-க்கு 2004 ஜனவரியில் முடிய வேண்டிய ஆதரவு, வாடிக்கையாளர்கள் கேட்டதால் 2006 வரை நீண்டது. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். மக்கள் குறை சொன்னதால் 2013-ல் அது திரும்பி வந்தது. விண்டோஸ் 10-க்கும் வீட்டு உபயோகத்தில் உள்ள கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஓராண்டு பாதுகாப்பு தரும் திட்டத்தை அறிவித்தார்கள். சேர்ந்து கேட்டால் கிடைக்கும் என்பது நமக்குப் புதிய பாடம் இல்லையே!

மூன்றாவது உணர்வு: பிரிய மனமில்லை

எக்ஸ்பி கணினியைத் திறந்தால் வரும் பச்சைப் புல்மேடும் நீல வானமும் நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1996-ல் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் எடுத்த புகைப்படம் அது. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது பலர் அந்தப் படத்தைப் பார்த்தே வருத்தப்பட்டார்கள்.

இது வெறும் படத்தின் மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்த மூலையில் எதை அழுத்தினால் என்ன வரும் என்பது கைக்குப் பழகிவிட்டது. மவுஸைத் தொடவே பயந்த ஒரு பெண், பல மாதம் பழகி, ரொக்கப் புத்தகத்தையும் பேரேட்டையும் கணினியில் ஏற்றக் கற்றிருப்பார். அவரிடம் "எல்லாம் மாறப்போகுது" என்றால் மனம் சங்கடப்படத்தான் செய்யும். வருடக்கணக்கில் பழகிய அடுப்பை மாற்றினால் முதல் வாரம் சோறு குழைவதில்லையா? அதுபோலத்தான். பழகக் கால அவகாசம் கொடுத்தால் சரியாகிவிடும்.

நான்காவது உணர்வு: அலட்சியம்

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே, இனிமேலா ஆகப்போகுது?" – இந்த உணர்வுகளில் ஆபத்தானது இதுதான்.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற கெடுதல் மென்பொருள் ஒரே நாளில் பல நாடுகளில் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலர் கொடுத்தால்தான் திறப்போம் என்று மிரட்டியது. சில நாட்களில் 150 நாடுகள் வரை எட்டியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சை நேரங்கள் ரத்தாயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கணினிகள்தான். அப்டேட் போடாமல் விட்டதால் மாட்டிக்கொண்டன. ஆதரவு இருந்தும் போடாதவர்களுக்கே அந்த நிலை என்றால், அப்டேட்டே வராத கணினியின் கதி என்ன? அதுவும், புதிய விண்டோஸில் எந்த ஓட்டையை அடைத்தார்கள் என்று பார்த்து, அதே ஓட்டை பழையதில் இருக்கிறதா என்று திருடர்கள் தேடுவார்கள்.

தள்ளிப்போடுவது நம்மைப் போன்றவர்களின் பழக்கம் மட்டும் இல்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று 4 ஆண்டுகள் ஆன பிறகும் நம் நாட்டில் பல ஏ.டி.எம். இயந்திரங்கள் அதிலேயே ஓடின. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் எல்லாவற்றையும் ஆதரவு உள்ள இயங்குதளத்துக்கு மாற்றச் சொன்னது.

நம் கணினியில் என்ன பெரிய ரகசியம் என்று எண்ண வேண்டாம். உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல் எண், கடன் விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. நம்பிக் கொடுத்த உறுப்பினர்களுக்கு நாம் பொறுப்பு.

ஐந்தாவது உணர்வு: கூச்சம்

இதைப் பலர் வெளியே சொல்வதில்லை. "எனக்கு மட்டும்தான் புரியலையோ" என்று நினைத்து, கடைக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். அல்லது, "தம்பி, நீயே பார்த்துக்க" என்று வீட்டுப் பையனிடம் கணினியைக் கொடுத்துவிடுகிறோம். கடவுச்சொல்லும் அவனிடம் போகிறது. கொஞ்ச நாளில் கணக்கே நம் கையில் இல்லாமல் போகிறது.

கணக்கு நோட்டு நம் கைக்கு வர எத்தனை காலம் ஆனது! ஒரு கணினி மாறுவதற்காக அதை விட்டுவிடலாமா? உதவி கேட்பதில் தப்பில்லை. ஆனால் கேட்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கடவுச்சொல்லை அவரே அடிக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை

1. எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் 10, 11-ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று வரிசையாகப் போனால் தெரியும்.

2. அந்தக் கணினியில் நடக்கும் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். இணையம் தேவைப்படும் வேலை எது, தேவைப்படாதது எது என்று பிரியுங்கள். வங்கி வேலையை ஆதரவு முடிந்த கணினியில் செய்ய வேண்டாம்.

3. எல்லாக் கோப்புகளையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று அலுவலகத்தில், மற்றொன்று வேறு பத்திரமான இடத்தில் இருக்கட்டும். வேறொரு கணினியில் போட்டு, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

4. தமிழ் எழுத்துருவை மறக்காதீர்கள். பழைய தீர்மானங்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் ஒன்றும் புரியாத எழுத்துகளாகத் தெரியும். எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். இனி அடிப்பதை யூனிகோடில் அடியுங்கள். தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

5. வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.
அ) கணினி தகுதியாக இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாக மாறலாம்.
ஆ) தகுதி இல்லையென்றால் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போடலாம். லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கு அட்டவணையும் செய்யலாம். நம் கணக்கு மென்பொருள், பிரிண்டர், கைரேகைக் கருவி அதில் வேலை செய்யுமா என்று முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.
இ) இணைய இணைப்பை எடுத்துவிட்டு, பழைய கணினியைத் தட்டச்சுக்கும் பயிற்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியார் பென்டிரைவைச் செருகக் கூடாது.
ஈ) புதியது வாங்குவதென்றால் குறைந்தது மூன்று விலைப்புள்ளி வாங்கி, கூட்டத்தில் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

6. குறைந்தது இரண்டு பேர் பழகுங்கள். ஒரு மாதம் நோட்டிலும் கணினியிலும் கணக்கு எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

7. பழைய கணினியை அப்படியே பழைய சாமான் கடையில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கில் நம் உறுப்பினர்களின் விவரம் இருக்கிறது. அதைக் கழற்றி வைத்துக்கொண்டோ முழுதாக அழித்தோதான் கொடுக்க வேண்டும்.

செல்போனுக்கும் இதே கதைதான். சில ஆண்டுகளில் அதற்கும் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிடும். செட்டிங்ஸில் கடைசி அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

- நம் கூட்டமைப்பின் கணினியில் எந்த இயங்குதளம் உள்ளது? அதற்கு ஆதரவு எந்தத் தேதி வரை?
- கணக்கின் பிரதி கடைசியாக எப்போது எடுத்தோம்? அது எங்கே இருக்கிறது?
- கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்? கணக்கு எழுதுபவர் ஒரு மாதம் வரமுடியாவிட்டால் வேறு யார் எழுதுவார்?
- அடுத்த கணினிக்காக மாதம் எவ்வளவு ஒதுக்கினால் அவசரக் கடன் வாங்காமல் சமாளிக்கலாம்?

பேசி எடுத்த முடிவைத் தேதியுடனும் பொறுப்பாளர் பெயருடனும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அனைவரும் கையெழுத்துப் போடுங்கள்.